வடிவாய்ப் பார், பிறகு எழுது

எங்கள் அப்பா வலை பொத்துகிறவர். கடலுக்குப் போன காலம் முடிந்து முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு, திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் இருந்து மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் குந்தியிருந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. வலையில் அறுந்த கண்களைத் தேடிக் காட்டுவதும் என் வேலைதான். "இந்தப் பக்கம் ஒண்டும் அறேல்லை அப்பா" என்று சொன்னால், தலையை நிமிர்த்தாமலே "வடிவாப் பார்" என்பார். திரும்பவும் பார்த்தால் இருக்கும், மூன்றோ நாலோ கண் அறுந்துபோய்த்தான் இருக்கும்.

நம்முடைய தமிழில் வடிவு என்றால் அழகு. வடிவாய்ப் பார் என்றால் கவனமாய்ப் பார். அழகுக்கும் கவனத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிகிறோம். நான் 2012 தை மாதத்திலிருந்து கிட்டத்தட்டத் தினமும் விடிய எழும்பிக் கவிதை எழுதுகிறேன். பகலில் ஒரு கந்தோரில் கணக்கு வேலை. புத்தகம் போட்டதில்லை, போடுகிற எண்ணமும் இப்போதைக்கு இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் எனக்குச் சொல்லித் தந்தது எல்லாமே அப்பா சொன்ன அந்த இரண்டு சொல்லுக்குள்ளேதான் இருக்கிறது, அதனால் எழுத ஆசைப்பட்டும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு என் வழியை அப்படியே எழுதி வைக்கிறேன்.

முதலில் சாமான். 80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. விலை கூடிய டயறி வேண்டாம், அதில் பிழையாக எழுதக் கை கூசும். கைபேசியும் வேண்டாம், ஏனென்றால் அழித்தால் அழிந்தே போய்விடும், கொப்பியில் வெட்டின வரி வெட்டினபடியே இருக்கும், ஆறு மாதம் கழித்து அந்த வெட்டின வரிதான் நல்ல வரி என்று தெரியவரும். பக்கத்தின் மேலே திகதி, அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு அடிக்கிற காற்றின் பெயர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாலு காற்றுக்கும் நாலு பெயர் இங்கே ஒவ்வொரு கடற்கரைப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது, இப்போது என் மகளின் வகுப்பில் கேட்டால் இரண்டு பேருக்குத் தெரிகிறது. காற்றின் பெயரை எழுத வேண்டுமென்றால் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அரை நிமிஷத்திலேயே கவிதை வேலை தொடங்கிவிடுகிறது.

நேரம் உங்கள் வசதி. எனக்கு விடிய நாலரை, வீட்டில் அடுப்பு மூட்ட முந்தி. இருபது நிமிஷம் போதும்.

அந்த இருபது நிமிஷத்தில் முதல் மூன்று மாதமும் கவிதை எழுதாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் என் முதல் வருடம் முழுக்க வீணாய்ப் போனதே எடுத்த எடுப்பில் கவிதை எழுதியதால்தான். முந்தின நாள் கண்ணால் பார்த்த ஒன்றை எடுத்து, பத்து வரியில், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'போல' என்ற சொல் வரக்கூடாது. உங்களுக்கு என்ன தோன்றியது என்பதும் வரக்கூடாது.

மானை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை, கோட்டைக்குள் நிற்கும், பஸ் நிலையத்தடியில் நிற்கும், பின்னேரத்தில் கடற்கரைப் புல்லில் படுத்திருக்கும். நான் முதல் நாள் எழுதியது "துள்ளித் திரியும் புள்ளிமான்". உண்மையில் நான் பார்த்த மான் துள்ளவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரோ சோற்றுப் பார்சல் சாப்பிட்டுவிட்டு எறிந்த லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது. கறிச்சாறு பட்ட மஞ்சள் கறை அதன் மோவாயில் இருந்தது. ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் கிட்டப் போய் அந்த ஷீட்டின் ஒரு நுனியைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார், மானும் ஓடாமல் நின்று கொடுத்தது. இவ்வளவும் என் கண் முன்னால் நடந்தது, நான் வீட்டுக்கு வந்து 'துள்ளித் திரியும்' என்று எழுதினேன். ஏனென்றால் மான் என்று சொன்னவுடன் அந்தச் சொல்தான் தானாக வந்து நிற்கிறது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே தேவாரத்தில் பாடிவிட்ட ஊர் நம்முடையது. இங்கே கடலுக்கும் மலைக்கும் கோயிலுக்கும் சொற்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. அவை நல்ல சொற்கள்தான், ஆனால் அவை அவரவர் பார்த்துச் சொன்னவை, நீங்கள் பார்த்தது உங்களிடம்தான் இருக்கிறது.

இந்தப் பத்து வரிப் பயிற்சியை ஒரு மாதம் விடாமல் செய்த பிறகுதான் மனிதர்களிடமும் நான் இதையே செய்கிறேன் என்று விளங்கியது. கந்தோரில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த அக்காவை 'சிடுமூஞ்சி' என்று எப்போதோ மனதில் எழுதி வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு அவவை நான் பார்க்கவே இல்லை, அந்தச் சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவவைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பார்த்தேன், கண்டதை மட்டும். ஆறாவது வரியில், அவ யாரும் பேசினால் இடது பக்கம் தலையைச் சரிக்கிறா என்று எழுதினேன். எழுதின கையோடு விளங்கிவிட்டது, அவவுக்கு வலது காது கேட்பதில்லை. நான் இருந்தது வலது பக்கம். ஏழு வருடம் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

சரி, அடுத்தது சொற்களைத் தேர்வு செய்வது. இதற்கு ஊருக்குள்ளேயே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. விடியக் கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போய், ஒவ்வொரு கிணற்றிலும் கை வைத்து, ஒவ்வொன்றின் சூட்டுக்கும் ஒரு சொல் எழுதுங்கள். 'கூட', 'குறைய', 'கொஞ்சம்' போடக்கூடாது. எனக்கு முதல் தடவை வந்தது இரண்டே சொல், 'சூடு', 'வெதுவெதுப்பு'. நாலாவது தடவை போனபோது இளஞ்சூடு, கணகணப்பு, தகிப்பு, சுள்ளென்று என்று ஆறு வரைக்கும் வந்துவிட்டது. ஏழாவது கிணற்றுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் விடும்போது நெற்றியைத் தொட்டால் இருக்குமே அந்தச் சூடு அது.

பிறகு அதே கொப்பியில் 'கோபம்' என்று மேலே எழுதி, கீழே ஏழு கிணறு கீறிப் பாருங்கள். எரிச்சல், ஆத்திரம், மனத்தாங்கல், ஏமாற்றம், பொறாமை, அவமானம், களைப்பு. நான் வீட்டில் 'கோபம் வருகுது' என்று சொன்ன நாட்களில் பாதிக்கு மேல் அது களைப்பு. கொஞ்சம் அவமானம். கோபத்துக்கு ஒருவரைத் தேடித் திட்ட வேண்டும், களைப்புக்குப் பாயைப் போட்டுப் படுத்தால் போதும். சரியான சொல்லைப் போட்ட நாளில் செய்ய வேண்டிய வேலையும் மாறிவிடுகிறது. கவிதைக்காகத் தேடின சொல் பிள்ளைகளை ஏச்சிலிருந்து காப்பாற்றியிருக்கிறது, இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஊர்ச் சொல்லை எழுதக் கூச்சப்படாதீர்கள். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவருகிற காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம்), மழை வரப்போகிறதை 'வானம் மூடிக்கிட்டு வருது' என்பார், எங்கள் கரையில் அதையே 'கறுத்துக்கொண்டு வருகுது' என்போம். இரண்டையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தம்பலகாமத்திலிருந்து வருகிற அக்காவிடம் தயிர்ச் சட்டி வாங்கும்போது வயல் சொற்கள் கிடைக்கும். காது கொடுத்தால் போதும், சந்தையே அகராதி.

இனி வெட்டுவது. இதில்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

அப்பா போய் மூன்றாம் வருடம் அவருடைய கைகளைப் பற்றி எழுதினேன். முதல் எழுத்து இப்படி இருந்தது:

அலைகடலின் மடியினிலே
ஆயுளெல்லாம் உழைத்தவரே
காய்த்துப்போன கரங்களிலே
காலமெல்லாம் கண்ணீர்த் துளி

எழுதிவிட்டு அழுதேன். நல்ல கவிதை என்று நினைத்தேன். கொப்பியை மூடி ஒரு கிழமை வைத்துவிட்டுத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, இதை நான் பார்த்தேனா என்று கேட்டேன். அலைகடலின் மடி? பார்க்கவில்லை, எங்கேயோ கேட்டது. கண்ணீர்த் துளி? அப்பா அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தரம், அதுவும் கையில் அல்ல, சால்வையில் துடைத்தார். காலமெல்லாம்? பொய். நாலு வரியில் 'காய்த்துப்போன' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. வெட்கமாகவும் இருந்தது, ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

இரண்டாவது தரம் பத்து வரிப் பயிற்சிக்குத் திரும்பிப் போய், கண்டதை மட்டும் எழுதினேன். வலது பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். நைலோன் நூல் அந்தப் பிளவுக்குள் போய்ச் சிக்கும். சிக்கினால் கையை நிறுத்துவார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். இந்த இடத்தில் நின்றுவிட்டேன், எதைப் பார்ப்பார்? யோசித்தேன், நகத்தையா? இல்லை. நூல் அறுந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார். இருபது வருடமாக எனக்குள்ளே கிடந்த காட்சி, எழுதுகிற நேரத்தில்தான் பார்த்தேன்.

பிளந்த நகத்தில்
நைலோன் நூல் சிக்கும்.
அப்பா நிறுத்துவார்.
நூலைத்தான் முதலில் பார்ப்பார்.

இவ்வளவுதான் மிச்சம். இதைக் கேட்ட அண்ணா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார்.

வெட்டும்போது முதலில் பிடிபட வேண்டிய சொற்களுக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: எப்போதும், ஒருநாளும், எல்லாரும், யாருமே, காலமெல்லாம், மிகவும். கவிதையில் இவற்றை வெட்டிப் பழகிய பிறகுதான் என் சண்டைகள் எல்லாம் இந்தச் சொற்களில் நடக்கின்றன என்று கண்டேன். அண்ணா வெளிநாட்டில் இருந்த காலம் போனில் நான் சொன்னது, "நீங்கள் ஒருநாளும் அம்மாவை யோசிச்சதில்லை." அது உண்மை இல்லை, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உண்மை இல்லாத ஒன்றுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார், அவரும் "நீ எப்பவும் இப்படித்தான்" என்று திருப்பிச் சொன்னார், இரண்டு பேரும் எட்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கொப்பியில் அந்த வசனத்தை எழுதி, கவிதையை வெட்டுகிற மாதிரி வெட்டினேன். 'ஒருநாளும்' போனது. 'யோசிச்சதில்லை' போனது, அவர் மனதுக்குள்ளே நான் போய்ப் பார்த்தேனா? மிச்சமிருந்தது: "மார்கழியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் நான் எடுத்த கோலுக்கு நீங்கள் வரவில்லை. நான் தனியப் பயந்துபோனேன்." இதைத்தான் போன் எடுத்துச் சொன்னேன். அந்த நாலு நாளும் அவருக்கு என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னார். அது அவருடைய கதை, நான் இங்கே எழுதவில்லை.

உங்களால் முடிந்தால் ஒரு மாதமாவது மரபில் எழுதிப் பாருங்கள். புதுக்கவிதைக்காரர்கள் பலர் இதைத் தேவையில்லாத வேலை என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. குறள் வெண்பா போதும், திருக்குறளின் வடிவம்தான். முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று. சீரை அசைகளாகப் பிரிப்பார்கள், 'நாள்' மாதிரி வருவது நேர், 'மலர்' மாதிரி வருவது நிரை. இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம், மூன்று அசைச் சீர் நேரில் முடிந்தால் காய். மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேர் வர வேண்டும், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றில் முடிய வேண்டும். விரலில் எண்ணி எண்ணிச் செய்யலாம், நான் காய்கறி நறுக்கிக்கொண்டே செய்வேன்.

ஒரு கச்சான் காலத்து மத்தியானம், வெயிலுக்குள் இருந்து வலை பொத்துகிறவர்களைப் பற்றி ஒரு குறள் வெண்பாவுக்கு முயன்றேன். 'உச்சியிலும் ஓயாத கைகள்' என்று முடிக்க ஆசை. முடியாது. கைகள் என்றால் நேர் நேர், தேமா என்ற மாச்சீர், அது வெண்பாவின் ஈற்றில் நிற்காது. மூன்று நாள் அந்தச் சொல்லை விட மனமில்லாமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். நாலாம் நாள் விட்டுக்கொடுத்தேன்:

கச்சான் அடித்துக் கரையெல்லாம் காயினும்
உச்சியிலும் ஓயாக் கரம்

சீரும் சீரும் சேர்கிற தளை தட்டவில்லை, எதுகை மோனை இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் இரண்டு நாள் போக 'கரம்' உறுத்தத் தொடங்கியது, எங்கள் கரையில் யாரும் கையைக் கரம் என்பதில்லை. ஆக, இந்த இரண்டடியை அப்படியே வைத்துவிட்டு, இதில் கிடைத்த 'உச்சியிலும் ஓயாத' என்பதை எடுத்துக்கொண்டு வசனத்தில் வேறொன்று எழுதினேன், அதில் கைகள் கைகளாகவே இருந்தன. மரபு எனக்குத் தந்தது இந்த அனுபவத்தைத்தான். எனக்குப் பிடித்த சொல்லுக்கு இடமில்லை என்று ஒரு விதி நிற்கிறது, அதோடு கோபித்துக்கொள்ள முடியாது, கெஞ்சவும் முடியாது, வேறு வழி பார்க்க வேண்டும், வேறு வழி பார்க்கும்போது நினைக்காத ஒன்று கைக்கு வருகிறது. கந்தோரில் எனக்கு வர வேண்டிய இடமாற்றம் இரண்டு தரம் தட்டிப்போனபோது இந்த மூன்று நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. முதலாவது நாளிலேயே 'கைகளை' விட்டிருக்கலாமே என்று யோசித்தேன், விண்ணப்பத்தை வேறு பிரிவுக்கு மாற்றி எழுதினேன்.

எழுதினதைச் சத்தமாகப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் எல்லா வரியும் நன்றாகத்தான் இருக்கும். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வரி பிழை. கரைவலை இழுக்கும்போது மீனவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள், எடுத்துக் கொடுக்கிறபோது கை தளரும், வாங்குகிறபோது கயிறு இழுபடும். வரியின் நீளம் இழுவையின் நீளம். நீளமாகப் பாடினால் ஆட்கள் களைத்துப்போவார்கள், கட்டையாகப் பாடினால் வலையின் மடி கரைக்கு வராது. எனக்கு நீளமாகப் பேசுகிற பழக்கம் உண்டு. கவிதையைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், பிள்ளைகளோடு பேசும்போது ஒரு வசனத்துக்குப் பிறகு நிறுத்தி, அவர்கள் வாங்குவதற்கு இடம் விடப் பழகினேன்.

எழுத்து வராத மாதங்கள் வரும். பயப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்து வைப்பார்கள், அந்த மாதங்களில் யாரும் கடலைத் திட்டிக்கொண்டு இருப்பதில்லை. வலை பொத்துவார்கள், வள்ளத்துக்குத் தார் பூசுவார்கள், கலியாணம் பேசுவார்கள். எனக்கு எழுத்து வராத காலத்தில் நான் செய்வது பழைய கொப்பிகளை எடுத்து வெட்டுவது, பிடித்த கவிதைகளைக் கையால் பார்த்து எழுதுவது, திகதியையும் காற்றின் பெயரையும் மட்டும் போட்டுப் பக்கத்தை வெறுமையாக விடுவது. 2019 இல் இரண்டு மாதம் 'வாடை, வாடை, வாடை' என்று மட்டும் இருக்கிறது. அம்மா படுக்கையில் இருந்த காலம் அது. இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டினால் வெறும் காற்றின் பெயரிலேயே எல்லாம் நினைவுக்கு வருகிறது.

யாருக்குக் காட்டுவது என்று கேட்பார்கள். ஒரே ஒருவருக்கு. உங்களில் அன்பு வைத்திருக்கிற, பொய் சொல்லத் தெரியாத ஒருவர். கோயில் திருவிழாக் கவியரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன், அங்கே கைதட்டு வாங்குகிற வரி எது என்று இரண்டு தரம் மேடையேறினாலே பிடிபட்டுவிடும், பிறகு கை தானாக அந்த வரியைத்தான் எழுதும். முகநூலில் போடுகிறவர்கள் எழுதி ஏழு நாள் கழித்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. நம்முடைய பக்கத்தில் எழுதுகிற யாரும் போரையும் கடல்கோளையும் தாண்டிப் போக முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று இந்தக் கரை முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைக்கு ஒரு கதை இருக்கிறது. நான் பல வருடம் அதை எழுத முயன்று முயன்று, வருவதெல்லாம் 'ஆழிப்பேரலையே' என்று கடலைக் கூப்பிடுகிற வரிகளாகவே இருந்தபடியால் விட்டுவிட்டேன். வராததை இழுக்காதீர்கள். சில காரியங்களுக்குப் பத்து வருடம் தேவைப்படும், சிலவற்றை எழுதாமலே விடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. எழுதத்தான் வேண்டும் என்று வந்தால் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு குடம், ஒரு கதவு, ஒரு சட்டைப் பித்தான். அலையை எழுத வேண்டாம்.

அடுத்தவர் துக்கம் என்றால் அவரைக் கேளுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. நல்ல வரி என்பதற்காக ஒருவரின் பிள்ளையை எடுத்து எழுதிவிட்டு, அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று இருப்பது களவு.

நிலாவெளிப் பக்கம் எங்களுக்கு உறவான மாமி ஒருவர் இருக்கிறா. அன்றைக்கு அவவின் சின்ன மகள் போய்விட்டாள். பிள்ளையின் ஒரு கால் செருப்பு மட்டும் மூன்றாம் நாள் வேலியில் கிடைத்தது, அதை இன்னும் சாமி அறையில் துணியில் சுற்றி வைத்திருக்கிறா. நான் 2016 இல் அதைப் பற்றி ஆறு வரி எழுதினேன். எழுதி முடித்து ஒருவருக்கும் காட்டவில்லை. இரண்டு மாதம் கொப்பியிலேயே இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், தேத்தண்ணி குடித்து, பேரப்பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கதைத்து முடித்து, இருட்டுகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தேன். "மாமி, பிள்ளையைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறன். நீங்கள் வேண்டாம் எண்டால் இப்பவே கிழிச்சுப் போடுறன்."

"வாசி" என்றா.

வாசித்தேன். ஆறு வரிதான், ஆனால் இரண்டாம் வரியில் குரல் போய்விட்டது, நின்று திரும்பத் தொடங்கினேன். முடிந்ததும் மாமி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே கோழிகளை அடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு எழும்பிப் போய் சாமி அறையிலிருந்து அந்தத் துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து, என் மடியில் வைத்து அவிழ்த்தா.

"பேரை எடுத்துவிடு பிள்ளை. மற்றதெல்லாம் இருக்கட்டும். ஆனா நீ நீலம் எண்டு எழுதியிருக்கிறாய். இது பச்சை. வடிவாப் பார்."

பச்சைதான். கால் விரல் படுகிற இடத்தில் மட்டும் நிறம் வெளிறி நீலம் மாதிரித் தெரிந்தது. பென்சிலை எடுத்து, அவ பார்த்துக்கொண்டிருக்கவே பெயரை வெட்டினேன், நீலத்தை வெட்டிப் பச்சை என்று எழுதினேன். மாமி கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப திரும்ப வாசி" என்றா.